ஒரே பாட்டுக்குள் இரண்டு பறை

கல்லூரி ஆண்டு விழாவில் தமிழ்த்துறைக்கென்று எழுதப்படாத கடமைகள் இரண்டு உண்டு. அழைப்பிதழில் ஒற்றுப்பிழை பார்ப்பது ஒன்று. தமிழ்த்தாய் வாழ்த்தின்போது ஒலிபெருக்கி மக்கர் செய்யாமல் பார்த்துக்கொள்வது மற்றொன்று. இரண்டும் முடிந்துவிட்டால், முன்வரிசையின் ஓரத்தில் அமர்ந்து மாணவர்களின் ஆட்டபாட்டங்களை முகம் சுளிக்காமல் பார்த்திருப்பதே எஞ்சிய வேலை. தாம்பரத்தை ஒட்டிய புறநகர்க் கல்லூரி ஒன்றில் ஏறக்குறைய இருபது ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்துவரும் நாங்கள் நால்வரும் இந்த வேலையில் நன்கு தேர்ந்தவர்கள்.

சென்ற ஆண்டு விழாவில் 'என்ஜாய் எஞ்சாமி' ஒலித்தது. பச்சையும் இளஞ்சிவப்புமாக மின்னும் ஆடைகளில் பன்னிரண்டு மாணவியர் மேடையேறினார்கள். குயிலின் கூவலைப் போன்ற அந்தப் பல்லவி தொடங்கியதுமே அரங்கம் எழுந்து நின்றுவிட்டது. விசில் ஒலியில் மேளம் கேட்கவில்லை. சிறப்பு விருந்தினரும் கைதட்டித் தாளம் போட்டார். ஒன்றை மட்டும் நாங்கள் கவனித்தோம். பாட்டின் நடுவே ஒப்பாரியின் இழுவை வரும் இடம் வெட்டப்பட்டிருந்தது. அழுகுரல் எழ வேண்டிய இடத்தில் மீண்டும் குயில் கூவியது, மீண்டும் ஆட்டம். ஏறக்குறைய ஐந்து நிமிடப் பாட்டு மூன்று நிமிடத்தில் முடிந்து, திரை விழுந்தது.

எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. நிலம் இழந்தவர்களின் ஒப்பாரியைக் கொண்டாட்டப் பாட்டாக்கிவிட்டார்களே என்று தேநீர் நேரம் முழுவதும் புலம்பினோம். மறுநாள் ஆட்டத்துக்குத் தலைமை தாங்கிய மாணவியைத் துறைக்கு அழைத்தோம். கூடலூர்ப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பெண். "இது யாருடைய கதை என்று தெரிந்துதான் ஆடினாயா அம்மா?" என்று கேட்டோம். அவள் சிறிதும் தயங்கவில்லை. "எங்க அப்பாயி கதைதான் சார். கண்டியிலேர்ந்து கப்பல்ல வந்தவங்க. அவங்க செத்தப்போ கல்யாணச் சாவுன்னு நாங்க எல்லாரும் ஆடினோம். அழுதுக்கிட்டேதான் ஆடினோம்" என்றாள். அழுகை வரும் இடத்தை ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டோம். "ஒரு குழுவுக்கு மூணு நிமிசந்தான்னு சொல்லிட்டாங்க. டல்லான இடம் இருந்தா எடுத்துடுங்கன்னு விழாக்குழுவுல சொன்னாங்க சார்" என்றாள். விழாக்குழுவில் எங்களில் ஒருவரும் உறுப்பினர். மூன்று நிமிட விதியை முன்மொழிந்தவரே அவர்தான்.

பாட்டின் உணர்வும் அதற்கு அமைந்த காட்சியின் உணர்வும் முரண்படும்போது, அந்த முரண் எங்கே பிறக்கிறது? படமெடுத்தவரிடமா, ஆடுபவரிடமா, பார்த்துக்கொண்டிருக்கும் நம்மிடமா? அன்றிலிருந்து எங்களைத் தொந்தரவு செய்துவரும் இந்தக் கேள்வியை வாசக நண்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

பலரும் அறிந்த செய்திகளை முதலில் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வோம். 2021 மார்ச் 7 அன்று, ஏ.ஆர். ரகுமான் தொடர்புடைய 'மாஜா' என்னும் தனியிசைத் தளத்தின் வழியாக 'என்ஜாய் எஞ்சாமி' காணொளியாக வெளிவந்தது. பாடியவர்கள் தீ, அறிவு இருவரும். இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். காணொளியை இயக்கியவர் அமித் கிருஷ்ணன். 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் பாடியவராகவும், 2019இல் வந்த 'தெருக்குரல்' தொகுப்பின் வழியாகவும் அறிவை இசை ஆர்வலர்கள் முன்பே அறிந்திருந்தார்கள். இந்தப் பாட்டு அவரை உலகறியச் செய்தது. திரைப்படம் ஒன்றன் துணையில்லாமல் ஒரு தமிழ்ப் பாட்டு கோடிக்கணக்கான முறை பார்க்கப்பட்டது அரிய நிகழ்ச்சி.

பாட்டின் உள்ளே இருப்பது என்ன? முன்னோரை விளித்தல், அவர்கள் வெட்டிய நீர்நிலைகளை நினைத்தல், மண் எல்லா உயிர்களுக்கும் பொது என்னும் அறம், பிறகு திடீரென ஓர் ஒப்பாரி. தான் வளர்த்த தோட்டம் செழித்தும் வளர்த்தவருக்கு மிஞ்சியது வறண்ட தொண்டைதான் என்பது அந்த ஒப்பாரியின் சாரம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போய், ஒன்றும் இல்லாதவர்களாகத் திரும்பிய தம் முன்னோரின் வாழ்வையும், தம் பாட்டி வள்ளியம்மாளையும் இப்பாட்டின் ஊற்றாக அறிவு பலமுறை குறிப்பிட்டிருக்கிறார்.

அந்த வரலாறு நம் பாடநூல்களில் இரண்டு வரிகளுக்கு மேல் இடம்பெற்றதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் முதலில் காப்பித் தோட்டங்களுக்கும், காப்பி நோயில் அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்து ஏழைகளை, பெரும்பாலும் நிலமற்றவர்களை, அழைத்துச் சென்றார்கள். மலையைத் திருத்தித் தோட்டமாக்கியவர்கள் அவர்கள். இலங்கை விடுதலை பெற்ற அதே 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 9,75,000 மனிதர்கள் அன்று தாளில் பங்கிடப்பட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. பத்தாண்டுகள் கழித்து அவர்களையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். திரும்பியவர்களில் ஒரு பகுதியினருக்கு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் வேலை கொடுத்தன. எங்கள் மாணவியின் அப்பாயி அவர்களில் ஒருவர்.

தாம்பரத்தில் இருந்துகொண்டு இதையெல்லாம் எங்கோ நடந்த கதையாக எண்ணுவது எளிது. எழும்பூரிலிருந்து புறப்பட்டுத் தனுஷ்கோடி சென்று, அங்கிருந்து கப்பலில் தலைமன்னாருக்கு ஆளேற்றிய 'போட் மெயில்' நம் தாம்பரம் வழியாகத்தான் ஓடியது. 1914இல் தொடங்கிய அந்தத் தடத்தின் கடைக்கோடியை 1964 டிசம்பர்ப் புயல் அழித்தது. ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதங்கள்கூட ஆகவில்லை அப்போது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டபோது இராமேசுவரத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே புதிய இரயில் ஒன்று கொடியசைத்து அனுப்பப்பட்டது. நடைமேடையில் அந்த வண்டியின் பெயரைக் கேட்கும்போதெல்லாம், இதே திசையில் ஒரு காலத்தில் யார் யார் போனார்கள், யார் யார் திரும்பினார்கள் என்ற நினைவு எங்களுக்கு வராமல் இருப்பதில்லை.

தலைப்பில் உள்ள சொல்லையும் சற்று நின்று பார்க்க வேண்டும். 'என் சாமி' என்பதன் பேச்சு வடிவம் 'எஞ்சாமி'. நிலமற்றவர் நிலமுடையவரை 'சாமி' என்று கைகட்டி அழைத்தார். அதே மனிதரின் வீட்டில், பாட்டி பேரனை மடியில் இருத்திக்கொண்டு 'எஞ்சாமி' என்று கொஞ்சினாள். பணிவுக்கும் பாசத்துக்கும் ஒரே சொல். அதன் முன்னே 'என்ஜாய்' என்ற ஆங்கிலச் சொல் வந்து நிற்கிறது. ஆக, பாட்டின் பெயரிலேயே ஒரு முரண் அமர்ந்திருக்கிறது. காணொளி அதைப் புதிதாகக் கண்டுபிடித்ததாகச் சொல்ல முடியாது.

*

காணொளியைப் பார்த்த மூத்த நண்பர்கள் சிலர் அன்று சொன்ன குறை இது: "துயரப் பாட்டுக்கு இவ்வளவு வண்ணம் எதற்கு? பசுமை, பகட்டான உடை, ஆட்டம். பாட்டு ஒரு பக்கம், படம் ஒரு பக்கம்." நாங்களும் தொடக்கத்தில் இந்தக் கட்சியில்தான் இருந்தோம். வகுப்பில் மெய்ப்பாட்டியல் நடத்திக்கொண்டிருந்த ஒரு நாள்தான் எங்கள் கருத்து அசைந்தது.

தொல்காப்பியர் சொல்லும் மெய்ப்பாடுகள் எட்டு. அவற்றுள் அழுகை எவற்றிலிருந்து பிறக்கும் என்று அவர் நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறார். வறுமை, இழவு, இளிவு, அசைவு. இழவு என்பதற்கு உயிரிழப்பு மட்டும் பொருளன்று. உடைமை இழப்பும் அடங்கும். அசைவு என்பது பழைய நிலை கெட்டுத் தளர்தல். எஞ்சாமியின் பாடுபொருளை இவற்றைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. அதே இயலில் பெருமிதத்துக்கும் நான்கு களன்கள் உண்டு. கல்வி, தறுகண், புகழ், கொடை ஆகியவை அவை. உவகைக்கு வேறு நான்கு. செல்வமும் விளையாட்டும் அவற்றுள் அடங்கும்.

நாம் செய்யும் பிழை, காணொளியின் மெய்ப்பாட்டை உவகை என்று படித்துவிடுவதுதான். அதில் தோன்றும் மனிதர்கள் கூனிக் குறுகி நிற்கவில்லை. நிமிர்ந்து நம்மை நேராகப் பார்க்கிறார்கள். அவர்கள் உடுத்தியிருக்கும் வண்ணங்கள் வாய்த்த செல்வத்தின் அடையாளமாகப் படவில்லை. மறுக்கப்பட்ட ஒன்றைத் தாமே எடுத்து அணிந்துகொண்ட துணிவாகப் படுகின்றன. தொல்காப்பியர் மொழியில் அது தறுகண். பாட்டு அழுகிறது, படம் பெருமிதம் கொள்கிறது. இரண்டும் வேறு வேறு உணர்வுகள்தாம். ஆயினும் ஒன்றையொன்று அழிப்பவை அல்ல. இழந்ததைச் சொல்லி அழும் வாயே, நாங்கள்தாம் இந்த மண்ணைத் திருத்தினோம் என்று புகழையும் சொல்ல முடியும். எல்லா நல்ல ஒப்பாரியிலும் செத்தவரின் பெருமை பேசப்படுகிறதே.

காணொளி பாட்டின் துயரத்தை அப்படியே படம்பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கிழிந்த சேலை, சுருக்கம் விழுந்த முகம், வெடித்த நிலம், ஒரு சொட்டுக் கண்ணீர். ஏழையைக் காட்ட நம் திரைக்குத் தெரிந்த பழைய சட்டகம் அது. அந்தச் சட்டகத்தில் பார்ப்பவன் எப்போதும் மேலே நிற்கிறான். அவனுக்கு வாய்க்கும் உணர்ச்சி இரக்கம் மட்டுமே. பாட்டோடு முழுக்க ஒத்துப்போகும் படம், அந்த மக்களை மீண்டும் ஒருமுறை கைகட்டி நிற்க வைத்திருக்கும். அதற்கு மறுத்த முரணை நாங்கள் இப்போது மதிக்கிறோம்.

பக்குடுக்கை நன்கணியாரின் புறநானூற்றுப் பாட்டு (194) வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஒரு வீட்டில் சாப்பறை கேட்கிறது. மற்றொரு வீட்டில் மணமுழவு கேட்கிறது. ஒருத்தி பூச்சூடி நிற்கிறாள். இன்னொருத்தி பிரிவில் கண்ணீர் விடுகிறாள். இப்படி ஓர் உலகத்தைப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று கடிந்துவிட்டு, இதன் இயல்பை அறிந்தவர்கள் இனியவற்றைக் காண்க என்று முடிக்கிறார் புலவர். அவருக்கு அந்த இரண்டு ஓசைகளும் இரண்டு வீடுகளிலிருந்து வந்தன. நம் சேரிகளிலும் தோட்டத்து லயங்களிலும் அவை பெரும்பாலும் ஒரே வீட்டிலிருந்து வந்திருக்கின்றன. வயது முதிர்ந்து, பேரன் பேத்தி கண்டு இறந்தவரின் சாவைக் கல்யாணச் சாவு என்கிறோம். பறை அடிக்கும், ஆண்கள் ஆடுவார்கள், பெண்கள் வட்டமாக அமர்ந்து மாரடித்துப் பாடுவார்கள். ஆடுபவன் அழவில்லை என்று எந்த ஊரிலும் யாரும் சொன்னதில்லை. நூலைப் படித்த எங்களுக்கு மறந்துபோனது, அப்பாயியின் பாடையோடு நடந்த அந்தப் பெண்ணுக்கு நினைவிருந்தது.

*

பாட்டும் படமும் முரண்படுவதற்குத் தமிழ்த் திரையிலும் நல்ல முன்னோடிகள் உண்டு. 1980இல் வந்த பாலு மகேந்திராவின் 'மூடுபனி', இளையராஜாவின் நூறாவது படம். அதில் கங்கை அமரன் எழுதி யேசுதாஸ் பாடிய 'என் இனிய பொன் நிலாவே' இன்றும் இரவு வானொலியில் ஒலித்தால் நெஞ்சு இளகிவிடும். படத்தில் அதைக் கிதாரோடு பாடுபவன் யார்? பெண்களைக் கொல்லும் மனநோயாளி. எதிரே இருப்பவள் அவன் கடத்தி வந்த பெண். வானொலியில் மட்டும் அந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள், படத்தை முதன்முறை பார்க்கும்போது திடுக்கிடுவார்கள். ஆனால் அந்தத் திடுக்கிடலுக்குப் பயன் இருக்கிறது. அவனுக்குள்ளும் காதல் என்று ஒன்று இருக்கிறதே, அதுவே எவ்வளவு அச்சமூட்டுவதாக இருக்கிறது என்று நமக்குப் புரிகிறது. பாட்டின் இனிமை படத்தின் கொடுமையை மறைக்கவில்லை, கூட்டிக் காட்டியது.

அதே இயக்குநர் 1988இல் 'வீடு' எடுத்தபோது பாட்டே வேண்டாம் என்றார். எந்தப் படத்துக்காகவும் செய்யப்படாத இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986) தொகுப்பின் இசை அதில் பயன்பட்டது. பாதி எழும்பிய சுவர்களுக்கு நடுவே முதியவர் நடந்து பார்க்கும்போது, வேறெங்கோ பிறந்த இசை அந்தச் செங்கற்களுக்காகவே பிறந்ததுபோல் ஒட்டிக்கொண்டது. ஆக, ஒன்றுக்கென்று அமையாத இசை பொருந்திப்போவதும் உண்டு; ஒன்றுக்கென்றே அமைத்த இசை விலகி நின்று பயன் தருவதும் உண்டு. பொருத்தம் என்பதைத் தையற்காரர் அளவு பார்ப்பதுபோல் பார்த்துவிட முடியாது.

முழுமையாகப் பொருந்திய ஒன்றையும் சொல்ல வேண்டும். மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) படத்தில், வைரமுத்து எழுதிய 'விடை கொடு எங்கள் நாடே' பாட்டை எம்.எஸ். விசுவநாதனின் முதிர்ந்த குரல் முன்னின்று பாடியது. அதுவும் இலங்கைத் தமிழர் மண்ணை விட்டு நீங்கும் துயரம்தான். அங்கே காரணம் போர். மூட்டை முடிச்சோடு ஊர் வெளியேறும் காட்சி. பாட்டும் படமும் ஒரே மூச்சில் அழுகின்றன. அந்தப் பாட்டை எந்த ஆண்டு விழாவிலும் யாரும் ஆட எடுத்ததில்லை. தவறாகப் புரிந்துகொள்ள அதில் வழியே இல்லை. ஆனால் எங்கள் வகுப்பில் அறுபது மாணவர்களிடம் கேட்டோம். அதைக் கேட்டிருந்தவர்கள் நால்வர். எஞ்சாமியைக் கேட்காதவர் ஒருவரும் இல்லை.

இதுதான் சங்கடம். துயரத்தைத் துயரமாகவே வைத்துக்கொண்ட பாட்டு தன் மானத்தைக் காத்துக்கொண்டது. ஆனால் அடுத்த தலைமுறையின் வாசலுக்கு வரவில்லை. துயரத்துக்கு வண்ணம் பூசிய பாட்டு எல்லா வாசலுக்கும் போனது; போன இடத்தில் பாதிப் பேர் வண்ணத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். இரண்டில் எது மேல் என்று எங்களால் துணிந்து சொல்ல முடியவில்லை. சொல்லக்கூடியது ஒன்று உண்டு. முழுப் பாட்டையும் கேட்பவரை அந்தக் காணொளி ஏமாற்றவில்லை. ஒப்பாரி அதற்குள் இருக்கிறது, தன் இடத்தில், தன் குரலில். உண்மையான முரண், அதை நாம் வெட்டும்போதுதான் தொடங்குகிறது.

*

வெட்டு பல வடிவங்களில் நடக்கிறது. கைப்பேசியில் முப்பது நொடித் துணுக்குகளாகப் பாட்டு பரவியபோது, பரவியவற்றில் நாங்கள் கண்டவை பெரும்பாலும் பல்லவித் துணுக்குகள்தாம். குரோம்பேட்டையிலும் சேலையூரிலும் திருமண வரவேற்புகளில் ஒலித்ததும் அதுவே. மணமக்கள் மேடையேறும்போது குயில் கூவுகிறது, விருந்தினர் கைதட்டுகிறார்கள். அழுகுரல் தொடங்கும் நொடியில் ஒலியமைப்பாளர் விரல் அடுத்த பாட்டைத் தொடுகிறது. எங்கள் விழாக்குழு மூன்று நிமிடம் என்று விதித்ததும் இதே வேலையைத்தான் செய்தது. கொண்டாட்டத்துக்கு இடையூறானவை எவையோ அவை 'டல்லான இடம்' என்று எங்களில் ஒருவரே பெயர் சூட்டினார். அவர் நல்லவர், ஒப்பாரிப் பாடல்களைப் பற்றி ஆய்வுக்கட்டுரை எழுதியவரும்கூட.

பாட்டில் ஒரு பகுதியை வெட்டுவதுபோலவே, பாட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒருவரையும் சட்டகத்திலிருந்து வெட்டிவிட முடியும். 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழ் எஞ்சாமியையும் 'நீயே ஒளி' பாட்டையும் முன்வைத்து ஓர் அட்டைப்படம் வெளியிட்டது. தீயும், கனடாவில் வாழும் ஷான் வின்சென்ட் டி பாலும் அட்டையில் இருந்தார்கள். இரண்டு பாட்டுகளிலும் எழுத்துப் பங்குள்ள அறிவு இல்லை. இயக்குநர் பா. இரஞ்சித் உள்ளிட்டோர் இதைக் கண்டித்த பிறகு, அறிவுக்கென்று தனியே ஒரு மின்னட்டை வந்தது. 2022 ஜூலை 28 அன்று சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழா நடந்தது. உலகமே பார்த்த அந்த மேடையில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் எஞ்சாமியைப் பாடினார்கள். அறிவு அங்கே இல்லை. சில நாள்களில் அவர் தம் வருத்தத்தைப் பொதுவில் எழுதினார். அவர் அப்போது அமெரிக்காவில் இருந்ததால் பங்கேற்க இயலவில்லை என்றும், பாட்டு பலரின் கூட்டுழைப்பு என்றும் சந்தோஷ் நாராயணன் தரப்பு விளக்கம் தந்தது.

இந்தப் பூசலில் யாருக்கு எத்தனை பங்கு என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை. மெட்டும் சொல்லும் குரலும் கலந்து பிறக்கும் ஒன்றில் எல்லைக்கல் நடுவது எளிதன்று. மாரியம்மாளின் குரலும் மண்ணின் குரலே. அந்த மேடையில் அவர் பாடியது நமக்கு நிறைவே. எங்களை உறுத்துவது வேறு. பிறர் நிலத்தில் உழைத்துத் தோட்டம் வளர்த்தவர்கள் அந்தத் தோட்டத்தில் காணாமல்போன கதையைச் சொல்லும் பாட்டு அது. அந்தக் கதையைத் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்தவர், பாட்டு மிக உயர்ந்த மேடை ஏறிய நாளில் காட்சியில் இல்லை. காரணம் பயணமாகவே இருக்கட்டும். மேடையில் அவர் பெயரையும் பாட்டி வள்ளியம்மாளின் பெயரையும் இரண்டு வரியில் சொல்வதற்குப் பயணம் தடையாகாது. எந்த வண்ண ஆடையும் உண்டாக்காத முரணை அந்த வெற்றிடம் உண்டாக்கியது என்பது எங்கள் கருத்து.

*

இவ்வளவும் எழுதிவிட்டு, எங்கள் புறநகரைப் பற்றி எழுதாவிட்டால் நேர்மையாகாது. சிட்லபாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம், இராஜகீழ்ப்பாக்கம், பீர்க்கன்காரணை என்று நாம் நாள்தோறும் உச்சரிக்கும் ஊர்களில் பலவற்றுக்கு ஓர் ஏரியாவது உண்டு, அல்லது இருந்தது. அந்த ஏரிகளை வெட்டியவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. மடை திறந்து மடை அடைத்து வயலுக்கு நீர் பங்கிட்ட நீர்க்கட்டிகள் பலரும் ஊருக்கு வெளியே குடியிருந்தவர்கள். வயல்கள் மனைகளாயின, வாய்க்கால்கள் தெருக்களாயின. 2015 டிசம்பர் தொடக்கத்தில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தபோது, முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தண்ணீர் முதல் மாடியைத் தொட்டது. தண்ணீருக்குத் தன் பழைய முகவரி மறக்கவில்லை.

எங்களில் இருவர் குடியிருக்கும் அடுக்ககம் அப்படியொரு பழைய ஏரிப் பாசன நிலத்தில்தான் நிற்கிறது. அங்கே பொங்கல் விழாவில் எஞ்சாமி ஒலிக்காத ஆண்டு இல்லை. ஏரியையும் குளத்தையும் வெட்டிய முன்னோரை விளித்து அழும் பாட்டுக்கு, அந்த வயலின் மேல் கொட்டிய காங்கிரீட் தளத்தில் நின்றுகொண்டு நாம் ஆடுகிறோம். குழந்தைகள் ஆடட்டும், அதில் குற்றம் இல்லை. காலுக்குக் கீழே என்ன இருந்தது என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டிய பெரியவர்கள் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் குற்றம்.

ஆகவே, படமெடுத்தவர்களை நோக்கிய எங்கள் பழைய குறையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம். ஆடியவர்களை நோக்கிய குறையையும். பாட்டுக்கு ஒவ்வாத படம் என்று எளிதில் சொல்லிவிடுகிறோம். பாட்டுக்கு ஒவ்வாத கேட்பு என்று ஒன்று இருப்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. வண்ணத்துக்குள் இருக்கும் அழுகையைக் கேட்கும் காது நமக்கு இருந்தால், எந்த வண்ணமும் பாட்டைக் கெடுத்துவிடாது.

இந்த ஆண்டு விழாக்குழுவில் ஒரு சிறு திருத்தம் கொண்டுவந்தோம். நாட்டார் பாட்டையோ ஒப்பாரி கலந்த பாட்டையோ எடுப்பவர்களுக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் எதையும் வெட்டக் கூடாது. ஆடுவதற்கு முன் பாட்டு யாருடையது என்று சொல்லிவிட்டு ஆட வேண்டும். கூட்டத்தில் எதிர்ப்பு இருந்தது. விழா நீண்டுவிடும், விருந்தினர் கிளம்பிவிடுவார் என்றார்கள். மூன்று நிமிட விதியைக் கொண்டுவந்த நண்பரே எழுந்து திருத்தத்தை ஆதரித்துப் பேசினார்.

அந்த மாணவி இப்போது இறுதியாண்டு. மீண்டும் அதே பாட்டை எடுத்தாள். ஒலிவாங்கியைப் பிடித்து எழுதியவர், பாடியவர், இசையமைத்தவர் பெயர்களைச் சொன்னாள். வள்ளியம்மாள் பெயரைச் சொன்னாள். கடைசியில் தன் அப்பாயியின் பெயரையும் சேர்த்துச் சொன்னாள். அதைச் சொல்லச் சொல்லி நாங்கள் கேட்டிருக்கவில்லை. ஆட்டம் சென்ற ஆண்டைப் போலவே இருந்தது, விசிலும் குறையவில்லை. ஒப்பாரி வந்த இடத்தில் பன்னிருவரும் தரையில் வட்டமாக அமர்ந்தார்கள். அரங்கத்தில் பாதிப் பேர் அமைதியானார்கள்; மீதிப் பேர் கைதட்டிக்கொண்டே இருந்தார்கள். பிறகு அவள் எழுந்து ஆடினாள்.

சிறப்பு விருந்தினர் கிளம்பவில்லை.